கேரியரைக் கழற்றினால் மைலேஜ் வருமா?

கேள்வி: என் டீசல் 'தார்' ஜீப் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தது. மேலே கேரியர், முன்னால் இரும்பு பம்பர், பெரிய டயர் மாட்டிய பிறகு 10-ஐத் தாண்டவில்லை. இன்ஜினில் கோளாறா? – வாசகர், கோவை.

பதில்: இன்ஜினை விடுங்கள், முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். புது டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடுதல் என்றால், வண்டி 105 கிலோமீட்டர் ஓடியிருக்க, மீட்டர் 100 என்றுதான் காட்டும். இழப்பில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை.

மீதி நிஜம்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும்; 60-லிருந்து 90-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. அதனால் காந்திபுரம் நெரிசலில் சாதுவாக இருக்கும் காலி கேரியர், சேலம் பைபாஸில் டீசல் குடிக்கும். எடை இதற்கு நேர்மாறு. சீரான வேகத்தில் அவ்வளவாகத் தெரியாது. நின்று நின்று கிளம்பும்போதும் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும் கை வைக்கும்.

பம்பர் 'புல் பார்' வகையா? அதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மைலேஜுக்காக இல்லாவிட்டாலும் கழற்றுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் லீவரையும் ஒருமுறை பாருங்கள். நண்பர் ஒருவர் டாப்ஸ்லிப் சேற்றில் '4 எச்' போட்டதை மறந்து, ஒரு வாரம் தார் ரோட்டில் அப்படியே ஓட்டினார். டீசலோடு டயரும் தேய்ந்தது.

கேரியரை இறக்கிவிட்டு, ஒரே பங்க்கில் ஆட்டோ கட் வரை நிரப்பி, ஜி.பி.எஸ். கிலோமீட்டரை வைத்து இரண்டு டேங்க் கணக்குப் போடுங்கள். அப்போதும் 10 என்றால் மெக்கானிக்கிடம் போகலாம்.