நாலு பேர், ஒரு வேலை

தனியார் பள்ளி ஃபீஸை யார் கட்டுவாங்க? வீட்டுல கட்டுவாங்க, இல்லைன்னா கடன் வாங்கிக் கட்டுவாங்க. சிகாகோவில் ஒரு பள்ளி மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தது.

பில்சன் என்ற பகுதியில் மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் அதிகம். அங்கே இயேசு சபைப் பாதிரியார்கள் 1996-ல் 'கிறிஸ்டோ ரே' உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பங்களால் முழு ஃபீஸ் கட்ட முடியாது. அதனால் மாணவர்களையே ஆபீஸ் வேலைக்கு அனுப்பினார்கள்.

கணக்கைப் பாருங்க. ஒரு முழுநேர வேலைக்கு வாரம் 5 நாள். அதை 4 மாணவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு வாரம் ஒரு நாள்னா 4 நாள் ஆச்சு. மிச்சமுள்ள ஒரு நாளை நாலு பேரும் முறை வைத்துப் பார்க்கிறார்கள். ஆக, ஒருவருக்கு மாதம் 5 நாள் வேலை, மற்ற நாளெல்லாம் வகுப்பு. கம்பெனிக்கோ அந்த நாற்காலி ஒருநாளும் காலியாக இருக்காது.

சம்பளம் மாணவர் கைக்கு வராது; படிப்புச் செலவுக்குப் போகும். மீதியை நன்கொடையும், குடும்பம் வருமானத்துக்கேற்பக் கட்டும் சிறு தொகையும் ஈடுகட்டும். இன்று இந்த முறையில் பல அமெரிக்க நகரங்களில் பள்ளிகள் நடக்கின்றன.

"இது குழந்தைத் தொழிலாளர் முறை இல்லையா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். 14, 15 வயதுப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் வேலை செய்ய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. இதுபோன்ற கல்லூரி ஆயத்தத் திட்டங்களுக்கு 2010-ல் தனி விதி வந்தது. வேலை பள்ளியின் மேற்பார்வையில், படிப்பைக் கெடுக்காமல் நடக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு உறுத்தல் மிஞ்சுது. வசதியான வீட்டுப் பிள்ளை சும்மா பெறும் படிப்பை, இந்தப் பிள்ளை உழைத்துப் பெற வேண்டியிருக்கு. கம்பெனிகள் ஆள் குறைத்தால் பள்ளியின் வரவும் குறையும். இன்னொரு பக்கம், வங்கிக்குள்ளும் வக்கீல் ஆபீஸுக்குள்ளும் 14 வயசுலயே கால் வைக்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

உங்களுக்கு ஒரு பயிற்சி: மாதத்துக்கு 20 வேலைநாள் என்று வையுங்கள். ஒரு வேலையை 3 பேர் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 7 நாள் வகுப்பு போகும். 5 பேர் பிரித்தால் 4 நாள்தான் போகும், ஆனால் ஆளுக்கு வரும் பணம் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். நீங்க டிசைன் பண்ணினா, எத்தனை பேர் வைப்பீங்க?