முதலில் அந்த நாற்பது பின்கள்

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆளைக் கண்டால் நிற்க வேண்டும், நாயைக் கண்டால் ஒதுங்க வேண்டும், குப்பையைக் கண்டால் கிட்டே போக வேண்டும், அப்படி ஒரு வண்டி செய்யப் போகிறேன், எந்த ஏஐ போர்டு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஸ்பெரி பை 5 வாங்கு. 4 ஜிபி நினைவகம் உள்ளது போதும். அதன்மேல் பொருத்துவதற்கென்று விற்கிறார்களே ஏஐ துணைப்பலகை, அதை இப்போது வாங்காதே. பள்ளி ஆய்வகத்தில் பழைய பை 3, பை 4 சும்மா கிடந்தால் இன்னும் நல்லது, அதிலேயே தொடங்கு.

இந்தப் போர்டே உன் வயதுப் பிள்ளைகளை நினைத்துச் செய்ததுதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போனார்கள். வந்தவர்களுக்கும் பழைய மாணவர்களுக்கு இருந்த கைப்பழக்கம் இல்லை. 1980களில் பிபிசி மைக்ரோ போன்ற சிறு கணினிகளை வீட்டில் வைத்து இரவும் பகலும் நிரல் எழுதிப் பார்த்தது ஒரு தலைமுறை. பிறகு கணினி, வீட்டின் விலை உயர்ந்த பொருளாகிவிட்டது. 'தொடாதே, கெட்டுப்போகும்' என்ற அதட்டலில் பிள்ளைகளின் ஆர்வம் அடங்கிவிட்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஈபன் அப்டனும் சக ஆசிரியர்களும் இதற்கு மாற்றாக ஒன்றை யோசித்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் முதல் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. முதல் தவணையில் செய்தது 10,000 போர்டுகள். கூட்டம் தாங்காமல் அன்றைக்கே விற்பனையாளர்களின் இணையதளங்கள் முடங்கின. இன்றைக்கு விற்பனை 6 கோடியைத் தாண்டிவிட்டது.

விலை குறைவு என்பதை நான் சிக்கனமாக மட்டும் பார்க்கவில்லை. பயப்படாமல் கை வைக்கலாம் என்ற அனுமதி அது. பை 5 இன்று நம் வீடுகளுக்கு அவ்வளவு மலிவு இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் பழைய போர்டு இருந்தால் அதை எடுத்துக்கொள் என்கிறேன்.

போர்டின் ஓர் ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 பின்கள் நிற்கும். மடிக்கணினியில் இல்லாதது இதுதான். நீ எழுதும் நிரல் திரையை விட்டு வெளியே வந்து விளக்கைப் போடுவதும் கதவைத் திறப்பதும் இந்தப் பின்கள் வழியாகத்தான். ஒரு விதியை மறக்கவே கூடாது: கணினியோடு பேசும் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 5 வோல்ட்டை உள்ளே விட்டால் சிப் போய்விடும். அதே வரிசையில் 2ஆம் பின்னும் 4ஆம் பின்னும் 5 வோல்ட் வெளியே தருபவை. ஒயர் ஒரு பின் தள்ளி மாட்டினால் போதும், கதை முடிந்தது. ஆகவே மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாட்டு. எண்ணிப் பார்த்து மாட்டு. மாட்டியபின் இன்னொரு முறை எண்ணு.

எல்இடி எரிய வைத்துப் பழகியதும் எச்.சி-எஸ்ஆர்04 என்ற தூரம் அளக்கும் சென்சாரை வாங்கு. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். காதுக்குக் கேட்காத ஒலியை ஒரு பக்கம் அனுப்பி, எதிரொலியை மறுபக்கம் வாங்கும். அதன் எக்கோ காலில் வருவது 5 வோல்ட். அதை நேராக மாட்டாமல், எக்கோவுக்கும் பைக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பையின் அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் மின்னழுத்தம் 3.3க்கு இறங்கிவிடும்.

இனி கணக்கு. சுவர் 1 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய் வருவது 2 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று வைத்தால் 5.8 மில்லி விநாடி ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோ விநாடி. ஆனால் 343 என்பது 20 டிகிரி வெப்பத்துக்கு உரியது. மே மாதத்தில் 35 டிகிரி உள்ள அறையில் ஒலி ஏறத்தாழ 352 மீட்டர் வேகத்தில் போகும். உன் நிரலில் 343 என்றே இருந்தால் 1 மீட்டர் தூரத்தை 97 சென்டிமீட்டர் சொச்சம் என்று காட்டும். சென்சார் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. வெப்பத்தைக் கணக்கில் சேர்.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. பையில் ஓடுவது லினக்ஸ். பந்தியில் பரிமாறுகிறவர் ஒவ்வொரு இலையாகப் போவதுபோல, ஓடும் எல்லா நிரல்களுக்கும் அது மாறி மாறி நேரம் ஒதுக்குகிறது. எதிரொலி வந்த கணத்தில் உன் நிரலின் முறை வராமல் 580 மைக்ரோ விநாடி தாமதமானால், தூரத்தில் 10 சென்டிமீட்டர் பிழை. சர்வோ மோட்டாருக்கு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 1 முதல் 2 மில்லி விநாடி நீளத்துக்குத் துல்லியமான துடிப்பு போக வேண்டும். அது முன்னே பின்னே போனால் மோட்டார் நடுங்கும். அதனால் நேரம் தவறக் கூடாத வேலைகளை ஒரு மைக்ரோகண்ட்ரோலரிடம் கொடுப்பதுதான் முறை. ராஸ்பெரி பை பிக்கோ 2021இல் 4 டாலருக்கு வந்தது. அதில் லினக்ஸ் கிடையாது, நீ ஏற்றும் ஒரே நிரல்தான் ஓடும். தூரம் அளப்பதும் மோட்டாரை நிறுத்துவதும் பிக்கோவின் வேலை. பார்த்துத் தீர்மானிப்பது பையின் வேலை. எதிரே 20 சென்டிமீட்டரில் ஏதாவது வந்தால் வண்டி நின்றே ஆக வேண்டும், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது.

மோட்டாரை எக்காரணம் கொண்டும் பின்னில் நேராக மாட்டாதே. ஒரு பின் தரும் மின்னோட்டம் எல்இடிக்குத்தான் காணும். நடுவே மோட்டார் டிரைவர் வேண்டும், மோட்டாருக்குத் தனி பேட்டரி வேண்டும், எல்லாவற்றின் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்கவும் வேண்டும். கடையில் முதலில் எடுத்துக் காட்டும் எல்298என் டிரைவர் சுமார் 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும், அதைவிட டிபி6612 டிரைவர் மேல். பை 5 முழுத் திறனில் ஓட 5 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜர் கேட்கும். போன் சார்ஜரில் ஓட்டினால் மின்னழுத்தம் குறைகிறது என்று எச்சரிக்கை வரலாம். நிறுத்தும்போது ஒயரைப் பிடுங்காதே, மெமரி கார்டில் உள்ளவை கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

இப்போது நீ கேட்ட ஏஐக்கு வருகிறேன். பொருள்களை அடையாளம் காணப் பலரும் பயன்படுத்தும் இலவச மாடல்கள், கோகோ என்ற படத்தொகுப்பில் பயிற்சி பெற்றவை. அதில் 80 வகைப் பொருள்கள் உண்டு. மனிதர் உண்டு, நாய் உண்டு, பாட்டிலும் கப்பும் கூட உண்டு. குப்பை என்று ஒரு வகை கிடையாது. கசங்கிய பிஸ்கட் உறையையும் மாங்கொட்டையையும் உன் வண்டிக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நீதான் சொல்லித்தர வேண்டும். உங்கள் தெருவில், காலை வெயிலிலும் மாலை நிழலிலும், வண்டியின் கேமரா இருக்கும் அதே உயரத்தில் இருந்து, நூற்றுக்கணக்கில் படம் எடுத்து ஒவ்வொன்றிலும் குப்பை எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் உன் திட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, அதை எந்தத் துணைப்பலகையும் செய்து தராது.

அந்தத் துணைப்பலகைகளில் ஒன்றான, 2024இல் வந்த ஏஐ கிட்டில் உள்ள ஹெய்லோ-8எல் சிப் விநாடிக்கு 13 லட்சம் கோடி கணக்குகள் போடும். வியப்புத்தான். ஆனால் உன் வண்டிக்கு அது தேவையா என்பதை அளந்து பார்த்துச் சொல். வண்டி விநாடிக்கு அரை மீட்டர் போகிறது, கேமரா விநாடிக்கு 2 முறை தீர்மானிக்கிறது என்றால், ஒரு தீர்மானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 சென்டிமீட்டர் கண்மூடி ஓடுகிறது. முதலில் வண்டியின் வேகத்தைக் குறை. சிறிய மாடலைப் போட்டுப் பார். அப்புறமும் போதவில்லை என்றால் வாங்கு.

வண்டியை இணையத்தில் இணைக்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். கடவுச்சொல்லை அக்கறையாக வை. ராஸ்பெரி பைகளில் பல ஆண்டுகள் ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும்தான் இருந்தன. 2022இல்தான் அதை எடுத்தார்கள். மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்தே 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, பெரிய இணையதளங்களை முடக்கியது.

இந்த வாரம் போர்டும் சென்சாரும் அந்த ரெசிஸ்டர்களும் மட்டும் வாங்கு. சென்சாரைச் சுவருக்கு முன்னால் டேப்பால் அளந்து 10, 50, 100 சென்டிமீட்டரில் வைத்து, காலையிலும் நண்பகலிலும் அது என்ன காட்டுகிறது என்று அட்டவணை போட்டு அனுப்பு. அறையின் வெப்பத்தையும் பக்கத்திலேயே குறி. அதைப் பார்த்தபின் மோட்டார் எது வாங்கலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா