மீண்டும் கற்ற கை

தஞ்சாவூரிலிருந்து போபாலில் உள்ள மகன் வீட்டிற்கு முதியவர் ஒருவர் வந்திருந்தார். ஒருநாள் காலை, காப்பி டம்ளரை எடுக்க முயன்றபோது அவருடைய வலக்கை சோர்ந்து விழுந்தது, வாய் ஒருபுறம் கோணியது, பேச்சும் குழறியது. அருகிலிருந்த பேத்தி உடனே தந்தையை அழைத்தாள். சிறிதும் தாமதியாமல் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். முதியவர் உயிர் பிழைத்தார். ஆயினும், அவருடைய வலக்கை அசையவில்லை. அதனைத் தொட்டாலும் அவருக்குத் தெரியவில்லை.

கையில் காயம் இல்லை, எலும்பும் முறியவில்லை. பின் ஏன் அது அசையவில்லை? குறை மூளையில் இருந்தது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அப்பகுதியின் உயிரணுக்கள் மடிகின்றன. இதுவே பக்கவாதம். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை இயக்குகிறது. எனவே, இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலக்கை செயலிழக்கக்கூடும்.

மடிந்த உயிரணுக்கள் மீண்டும் பிழைப்பதில்லை. ஆனால், மூளைக்கு ஓர் அரிய ஆற்றல் உண்டு. எஞ்சிய உயிரணுக்கள் தமக்குள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு, இழந்த பணியில் ஒரு பகுதியையேனும் ஏற்க வல்லவை. அதற்கு இடைவிடாப் பயிற்சி வேண்டும்; கையிலிருந்து மூளைக்கு உணர்வுச் செய்திகளும் சென்றுகொண்டிருத்தல் வேண்டும். அச்செய்தியை எழுப்பும் வழிகளுள் ஒன்று, வெம்மையையும் தண்மையையும் மாறி மாறி அளிப்பதாகும்.

நம் தோலில் வெம்மையை உணரும் நரம்பு முனைகளும் தண்மையை உணரும் முனைகளும் தனித்தனியே உள்ளன. அவை நிலையான வெப்பத்தைவிட மாற்றத்தையே மிகுதியாக உணர்கின்றன. குளத்தில் இறங்கியவுடன் உடல் நடுங்குகிறது. சற்று நேரத்தில் அக்குளிர் அவ்வளவாகத் தெரிவதில்லை அன்றோ? அதனால்தான் வெந்நீரும் குளிர்நீரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தப்படுகின்றன.

தைவான் நாட்டு ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இம்முறையை ஆராய்ந்தது. அவர்கள் நோயாளிகளின் கைகளுக்குச் சூடான ஒற்றடமும் குளிர்ந்த ஒற்றடமும் ஆறு வாரங்கள் மாறி மாறிக் கொடுத்தனர். வழக்கமான பயிற்சியோடு இதனையும் பெற்றவர்களின் கைகளில் உணர்வும் அசைவும் கூடுதலாகத் தேறின. எனினும், இது பயிற்சிக்குத் துணையே அன்றி, பயிற்சிக்கு மாற்றாகாது.

போபாலில் முதியவரின் வீட்டிற்கு வந்த இயன்முறை மருத்துவரும் இம்முறையைக் கற்பித்தார். ஒரு வாளியில் வெந்நீர், மற்றொன்றில் குளிர்நீர். வெந்நீர் 40 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது என்பது அவர் விதித்த கட்டுப்பாடு. வெப்பமானியைப் பார்க்கும் பொறுப்பைப் பேத்தி ஏற்றாள்.

பத்து நாள்கள் கழிந்தன. கையில் மாற்றம் ஏதுமில்லை. சூட்டைக் கூட்டினால் தாத்தா விரைவில் குணமடைவார் என எண்ணிய பேத்தி, கொதிநீரைக் கொணர்ந்து வாளியில் ஊற்ற முற்பட்டாள். மருத்துவர் அவளைத் தடுத்தார்.

“உன் கை சுட்டால் நீ உடனே விலக்கிக்கொள்வாய். உன் தாத்தாவின் கை வெந்தாலும் அவருக்குத் தெரியாது. அவருக்காக நாம்தான் உணர வேண்டும், அம்மா,” என்றார்.

அன்றுமுதல் அவள் வெப்பமானியைப் பார்த்ததோடு, தன் முழங்கையையும் நீரில் நனைத்துச் சூட்டை அறிந்த பின்னரே தாத்தாவின் கையை அதில் வைத்தாள். ஒவ்வொரு முறையும் விரல்களை மடக்கவும் நீட்டவும் தாத்தா முயன்றார்.

சில வாரங்களுக்குப் பின், ஒரு மாலையில் வெந்நீரில் இருந்த அவருடைய கை சற்றே பின்வாங்கியது. “சுடுகிறது, கண்ணு!” என்றார் தாத்தா. பேத்தி திடுக்கிட்டு வெப்பமானியைப் பார்த்தாள். அது 38 டிகிரியைக் காட்டியது. நீரின் சூடு கூடவில்லை. கைக்கு உணர்வு திரும்பியிருந்தது!

இன்றும் அவரால் அக்கையால் எழுத இயலாது. ஆனால், இடக்கையின் துணையோடு வலக்கையாலும் டம்ளரைப் பற்றிக் காப்பி அருந்துகிறார். பயிற்சியும் தொடர்கிறது.

நினைவில் கொள்க: வாய் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 112 என்னும் அவசர உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். மருத்துவரின் அறிவுரையின்றி நீர்ச் சிகிச்சையைச் செய்தல் கூடாது.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
தண்மை – குளிர்ச்சி
எஞ்சிய – மீதமுள்ள
ஒற்றடம் – ஒத்தடம்

பயிற்சி
1. முதியவரின் வலக்கை செயலிழந்ததன் காரணம் யாது?
2. வெந்நீரும் குளிர்நீரும் மாறி மாறிப் பயன்படுத்தப்படுவது ஏன்?
3. “அவருக்காக நாம்தான் உணர வேண்டும்” – இக்கூற்றை விளக்குக.
4. பிரித்து எழுதுக: வெந்நீர், குளிர்நீர், வலக்கை.
5. உங்கள் தாத்தா அல்லது பாட்டிக்கு நீங்கள் செய்த உதவி ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.