டார்ச் விளக்கின் வெளிச்சமும் வீச்சும்

டார்ச் விளக்கைத் தொலைதூரத்துக்கு ஏற்றபடி மாற்ற முனைவோர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது மின்னோட்டத்தில். ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. விளக்கு எல்லாத் திசைகளிலும் உமிழும் மொத்த ஒளியை லூமன் என்னும் அலகும், ஒரு திசையில் அது எவ்வளவு செறிந்து செல்கிறது என்பதைக் கேண்டெலா என்னும் அலகும் குறிக்கின்றன. வீச்சு, அதாவது ஒளிக்கற்றை எட்டும் தூரம், பின்னதையே சார்ந்தது. எஃப்.எல்.1 என்னும் அமெரிக்கத் தர வரையறை, வெளிச்சம் 0.25 லக்ஸாக, ஏறத்தாழத் தெளிந்த வானின் முழுநிலவு ஒளியளவுக்குக் குறையும் இடத்தை வீச்சின் எல்லையாகக் கொள்வதால், கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2ஆல் பெருக்கினால் மீட்டர் கணக்கு வந்துவிடும். 10,000 கேண்டெலாவுக்கு வீச்சு 200 மீட்டர். அதை 400 மீட்டராக்க 20,000 போதாது, 40,000 வேண்டும். அந்த எல்லையில் நிற்பது ஆடா மாடா என்று சொல்வதே கடினமாகையால், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட தூரத்தில் பாதியை நம்புவதே விவேகம்.

மின்னோட்டத்தை இரட்டித்தால் ஒளியும் அப்படியே இரட்டிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், தூரம் 200 மீட்டரிலிருந்து 283 மீட்டருக்கு மட்டுமே நீளும், உண்மையில் எல்.இ.டி. சூடேறச் சூடேற அதன் திறன் குறைவதால் அதுவும் கிட்டுவதில்லை. வீச்சை உண்மையில் தீர்மானிப்பவை இரண்டு: எல்.இ.டி.யின் ஒளிரும் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதும், அதை முன்னோக்கித் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வாய் எவ்வளவு அகலம் என்பதும். 30 மி.மீ. வாயுள்ள ரிஃப்ளெக்டருக்குப் பதில் 45 மி.மீ. வாயுள்ளது அமைந்தால் பரப்பு 2.25 மடங்காகி, ஒரு மில்லிஆம்பியர்கூடக் கூட்டாமலே வீச்சு ஒன்றரை மடங்காகிறது. ஆயினும் கைக்கடக்கமான உடலில் அதற்கு இடமிராது என்பதால், பலரும் எல்.இ.டி.யை மாற்றுவதையே நாடுகின்றனர்.

இங்கே சிறியதே பெரிது. எல்.இ.டி.யின் மேலுள்ள அரைக்கோள சிலிக்கோன் குமிழ், ஒளியை வெளியே எடுக்க உதவினாலும், உருப்பெருக்கிபோல ஒளிரும் பரப்பைப் பெரிதாகக் காட்டுவதால் கற்றை அகன்றுவிடுகிறது. முன்பு அக்குமிழைப் பெட்ரோலில் பல மணி நேரம் ஊறவைத்து உப்பச்செய்து கழற்றுவது வழக்கம். லூமன் குறைந்தாலும் செறிவு கூடும், ஒளி சற்று மஞ்சளாகும். ஊறாத குமிழை நகத்தால் நெம்பியதில் தலைமுடியினும் மெல்லிய இணைப்புக் கம்பிகள் அறுந்து பாழான எல்.இ.டி.கள் ஏராளம். குமிழே இல்லாத, ஏறத்தாழ 1 சதுர மி.மீ. ஒளிர்பரப்புள்ள ஆஸ்ராம் தயாரிப்பு போன்றவை கிடைத்தபின் அந்தச் சோதனைக்கு அவசியம் குறைந்துவிட்டது.

மிகுதியான பொறுமையைக் கேட்பது குவியம் அமைப்பதுதான். புதிய எல்.இ.டி.யின் உயரம் பழையதைவிட அரை மில்லிமீட்டர் மாறுபட்டாலே, ரிஃப்ளெக்டரின் குவியப்புள்ளியிலிருந்து அது விலகி, ஒளிவட்டத்தின் நடுவே வடையின் துளைபோல் ஓர் இருள் தோன்றும். எல்.இ.டி.யைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தை உப்புத்தாளில் சிறிது சிறிதாகத் தேய்த்தோ, மெல்லிய வாஷர் சேர்த்தோ இதைச் சரிசெய்யலாம். ஆனால் கையெட்டும் சுவரில் அழகாகத் தெரியும் வட்டம் ஏமாற்றும் என்பதால், குறைந்தது 10 மீட்டர் தள்ளியே சோதிக்க வேண்டும். வளையத்தை அதிகம் தேய்த்துவிட்டால், அலுமினிய ரிஃப்ளெக்டரின் அடிவிளிம்பு சால்டர் புள்ளிகளைத் தொட்டு ஷார்ட் ஆகும். கேப்டன் (Kapton) என்னும் மின்காப்பு டேப் ஒரு சுற்று ஒட்டினால் அதைத் தடுக்கலாம்.

சூட்டைக் கடத்த, எல்.இ.டி.யின் அடிப்பகுதி மின்காப்புப் படலம் இடையில் இல்லாமல் நேரடியாகத் தாமிரத்தில் படியும் தகடு நல்லது. வால்பக்க ஸ்பிரிங்கில் மின்னழுத்தம் வீணாவதைத் தடுக்க அதன் நடுவே தடித்த தாமிரக் கம்பி ஒன்றைச் சால்டர் செய்வதுண்டு. ஆயினும் பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் பாட்டரியோடு இதைச் செய்வது விபரீதத்துக்கு வழி.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் 10 மீட்டரில் லக்ஸ் மீட்டரை வைத்து, விளக்கை எரியவிட்டு அரை நிமிடம் கழித்து அளந்து, அளவை 100ஆல் பெருக்கினால் கேண்டெலா தெரியும். மீட்டர் 400 காட்டினால் 40,000 கேண்டெலா, 400 மீட்டர்.