ரேடியேட்டர் மாற்றும்போது இணைப்பு உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

நெசவாளர் சங்கத்தின் துணிப் பொதிகளைத் தியாகராய நகருக்கு ஏற்றிச் செல்லும் வேனாயினும், விவசாயிகள் சங்கத்தின் காய்கறிகளைக் கோயம்பேட்டுக்குக் கொண்டு செல்லும் லாரியாயினும், வழியில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டால் நட்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும். துணி ஒரு நாள் காத்திருக்கும். கீரையும் தக்காளியும் காத்திரா. கொதித்த நிலையிலேயே வண்டியை ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, புது ரேடியேட்டரின் விலையைப்போல் பல மடங்கு செலவு வந்து சேரும்.

பழைய ரேடியேட்டர் பழுதுற்றால், வண்டி செய்த கம்பெனியின் உறுப்பை வாங்காமல், வேறு தொழிற்சாலையார் செய்ததைக் குறைந்த விலையில் வாங்குவது சங்கங்களில் வழக்கமாக உள்ளது. இதில் தவறில்லை. ஆனால் இவ்வகை ரேடியேட்டர் ஒன்றே பல மாதிரி வண்டிகளுக்கு உதவும்படி செய்யப்படுவதுண்டு. ஆகவே அதன் குழாய் வாய்களும் மரைகளும் நம் வண்டியிலுள்ளவற்றோடு பொருந்தாதிருக்கலாம். எனவே இணைப்பு உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

1. குழாய் வாயும் ரப்பர் ஹோஸும்

ரேடியேட்டருக்கு மேல் வாய் ஒன்றும் கீழ் வாய் ஒன்றும் உண்டு. இவ்விரண்டின் வெளி விட்டத்தையும் வெர்னியர் காலிப்பர் கொண்டு மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஹோஸின் உள் விட்டம் அதற்குச் சமமாக இருத்தல் வேண்டும். அளவு பெரிதாயின், கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் மடிந்து, அம்மடிப்பின் வழியே நீர் கசியும். இரு முனைகளின் அளவும் வேறுபட்டால், அதற்கெனச் செய்யப்பட்ட அளவு மாற்றும் ஹோஸை வாங்குவதே முறை. பழைய டியூப் துண்டைச் சுற்றிச் சரிக்கட்டுதல் ஆகாது.

வாயின் நுனியில் சிறு மேடு ஒன்று இருக்கும். கிளிப் அம்மேட்டுக்கு உட்புறமாக அமைய வேண்டும். மேட்டின்மீதே அமைந்தால் ஹோஸ் நழுவிவிடும். கீழ் ஹோஸின் வழியே பம்பு நீரை இழுப்பதால் அது உள்நோக்கிச் சப்பையாகக் கூடும். பழைய கீழ் ஹோஸினுள் கம்பிச் சுருள் இருந்ததாயின், புதியதிலும் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

2. மரையின் வகை

வெப்ப சுவிட்ச், நீர் வடிக்கும் திருகு, ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் எண்ணெய் குளிர்விக்கும் குழாய் ஆகியவை மரையினால் பொருத்தப்படுபவை. மிகுதியான தவறு நேர்வது இங்கேதான். பிரிட்டிஷ் குழாய் மரை, அமெரிக்கக் குழாய் மரை, மில்லிமீட்டர் மரை என மூவகை மரைகள் வழக்கில் உள்ளன. பிரிட்டிஷ் மரையின் பற்கள் 55 பாகைக் கோணமும், ஏனைய இரண்டின் பற்கள் 60 பாகைக் கோணமும் உடையவை. கால் அங்குலக் குழாய் மரையில், ஓர் அங்குல நீளத்துக்குப் பிரிட்டிஷ் வகையில் 19 பற்களும் அமெரிக்க வகையில் 18 பற்களும் உண்டு. அரை அங்குலத்திலோ இரண்டுக்கும் 14 பற்களே. இதனால் ஒன்று மற்றொன்றினுள் சில சுற்றுகள் ஏறிவிடும். பொருந்திவிட்டது என்று எண்ணி முறுக்கினால் மரை சிதையும், நீரும் ஒழுகும்.

மற்றொரு செய்தியையும் மறத்தலாகாது. அரை அங்குலக் குழாய் மரை என்பது பெயரளவே. அதன் வெளி விட்டத்தை அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் இருக்கும். கால் அங்குல மரையோ 13 மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். ஆகவே கடையில் வாயால் அளவு சொல்லாமல், பழைய உறுப்பையே எடுத்துச் சென்று, மரை கேஜை வைத்துப் பார்ப்பது நலம்.

வண்டியின் பெயரை மட்டும் நம்பியும் வாங்கலாகாது. 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய எஞ்சின் பிரிட்டிஷ் வழி வந்ததாகையால் அங்குல மரை கொண்டது. பின்னர் வந்த இசுசு எஞ்சினோ மில்லிமீட்டர் மரை கொண்டது. வண்டியின் பெயர் ஒன்றே, உறுப்புகள் வேறு.

நுனி சிறுத்துச் செல்லும் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றலாம். நேரான மரையில் நீரைத் தடுப்பது வாஷரே. அங்கு டேப் பயன் தராது. அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் தொட்டியுள்ள ரேடியேட்டரில் பித்தளை உறுப்பைப் பலங்கொண்டு முறுக்கினால் தொட்டி விரிந்துபோம். கையால் தடையின்றிச் சில சுற்றுகள் ஏறிய பின்னரே ஸ்பானரைத் தொட வேண்டும்.

3. மூடி

மூடி வெறும் அடைப்பன்று. அழுத்தத்தைக் காக்கும் வால்வு ஆகும். அதன்மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பது, அது தாங்கும் அழுத்தத்தைப் பார் அளவில் காட்டும். சில மூடிகளில் இதுவே பவுண்டுக் கணக்கில் 13 அல்லது 16 என்றிருக்கும். 1.1 பார் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை கொதியாது. குறைந்த எண்ணுள்ள மூடியை இட்டால் நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். கூடிய எண்ணுள்ளதை இட்டால் ஹோஸ் வெடிக்கும். வண்டிக் கையேட்டில் கூறியுள்ள எண்ணையே கொள்க.

இச்சிறு மூடியைக் கொண்டே சென்னை உலகச் சந்தையில் பெயர் பெற்றது. மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் தலைமை அலுவலகம் கொண்ட சுந்தரம் ஃபாஸனர்ஸ் நிறுவனம், 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இங்கிலாந்து ஆலையிலிருந்த மூடி செய்யும் இயந்திரங்களை வாங்கிக் கொணர்ந்து, அந்நிறுவனத்துக்கே மூடிகளை அனுப்பலாயிற்று. அளவு பிறழாமையே அவ்வணிகத்துக்கு அடிப்படை.

4. வாங்குதலும் சோதித்தலும்

சென்னையில் அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் மோட்டார் உதிரி உறுப்புக் கடைகள் மிகுதி. பழைய வண்டி உறுப்புகளுக்குப் புதுப்பேட்டை பெயர் பெற்றது. எனினும் ஹோஸ், வாஷர், மூடி ஆகியவற்றைப் பழையனவாக வாங்குதல் சிக்கனமாகாது. பொருந்தாவிடில் மாற்றித் தரப்படுமா என்று கேட்டு, ரசீதுடன் வாங்குக.

பொருத்தி முடிந்ததும், நீர் நிரப்பி எஞ்சினை விசிறி சுழலும் வரை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். நன்கு ஆறிய பின்னர்க் கிளிப்புகளை மீண்டும் ஒருமுறை முறுக்குக. சூடாக இருக்கையில் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

இறுதியாக ஒன்று. வண்டியுள்ள ஒவ்வொரு சங்கமும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். ஹோஸ் விட்டம், மரை வகை, மூடியின் எண், வாங்கிய தேதி ஆகியவற்றை அதில் எழுதி வைத்தால், டிரைவர் மாறினாலும் காரியதரிசி மாறினாலும் அளவு மாறாது. அடுத்த முறை சாமான் வாங்கச் செல்பவர் கையில் அவ்வேட்டின் நகல் இருக்குமாயின், ஒரே பயணத்தில் வேலை முடியும். சங்கத்தின் பணமும் வீணாகாது.