செங்கல் மேல் நிற்கும் கடவுள்

பெற்றோருக்கு நாம் பட்ட கடனைப் பண்டரிபுரமும் திருவண்ணாமலையும் எப்படி நினைவூட்டுகின்றன?

பண்டரிபுரம் போய் வந்தவர்களிடம் தரிசன முறையைக் கேட்டுப் பாருங்கள். 'முதலில் சந்திரபாகா ஸ்நானம், அடுத்து புண்டரீகன் சந்நிதி, அதற்குப் பிறகுதான் பாண்டுரங்கன்' என்பார்கள். பகவானுக்கு முன்னால் பக்தனுக்கு வணக்கம்! மகாராஷ்டிர மாநிலம், சோலாப்பூர் மாவட்டத்தில் பீமா நதி பிறை போல வளைந்து ஓடும் இடத்தில் அமைந்த தலம் இது. அதனால்தான் நதிக்குச் சந்திரபாகா என்று பெயர். ஆற்றின் நடுவிலேயே இருக்கிறது புண்டரீகன் கோயில். வெள்ளம் வந்தால் அதுவும் தண்ணீரில் மூழ்கி நிற்கும்.

அவன் என்ன பெரிய யாகம் செய்தான்? கடுந்தவம் இருந்தானா? ஒன்றுமில்லை. வயதான தாய் தந்தையின் காலைப் பிடித்துவிட்டான். அவ்வளவுதான்!

புண்டரீகன் திருந்திய கதை

புண்டரீகன் தொடக்கத்தில் நல்ல பிள்ளையாக இருந்தவன் அல்லன். காசி யாத்திரை கிளம்பியபோது மனைவியைச் சொகுசாக அழைத்துப் போனான். முதிய பெற்றோரோ பின்னால் நடந்தே வந்தார்கள். வழியில் குக்குட முனிவரின் ஆசிரமத்தில் தங்கினார்கள். விடியற்காலையில் அழுக்குச் சேலையுடன் மூன்று பெண்கள் வந்து, ஆசிரமத்தைப் பெருக்கி, நீர் தெளித்துப் பணிவிடை செய்தார்கள். வேலை முடிந்து வெளியே வந்தபோது அவர்களின் ஆடைகள் பளிச்சென்று ஒளிர்ந்தன.

'யாரம்மா நீங்கள்?' என்று கேட்டான் புண்டரீகன். கங்கை, யமுனை, சரஸ்வதி என்றார்கள் அவர்கள். நீராடுபவர்கள் விட்டுச் செல்லும் பாவமே அவர்கள் மேல் படிந்த அழுக்கு. பெற்றோரைத் தெய்வமாகப் போற்றும் குக்குட முனிவரின் இருப்பிடத்தில் தொண்டு செய்தால் அது நீங்கிவிடுமாம். கங்கையைத் தேடிப் போகிறவன், கங்கையே புனிதம் தேடி எங்கே வருகிறாள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டான். அன்றே மனம் மாறினான். அதன்பின் பெற்றோர் சேவைதான் அவனுக்கு மூச்சு.

அந்தச் சேவையைக் காணக் கண்ணனே வாசலில் வந்து நின்றான். புண்டரீகன் அப்போது பெற்றோரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். எழுந்தால் அவர்களுடைய தூக்கம் கலையும். பக்கத்தில் கிடந்த செங்கல்லை எடுத்துப் போட்டு, 'இதில் நில்லுங்கள், வந்துவிடுகிறேன்' என்றான். பகவான் கோபிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் கல்லின் மேல் நின்றான். இன்றும் நிற்கிறான்! மராத்தியில் செங்கல்லுக்கு 'வீட்' என்று பெயர். அதில் நிற்பதால் விட்டலன் என்று பெயர்க்காரணம் சொல்வதுண்டு. நம் ஊர் பஜனை மடங்களிலும் அவனைப் 'புண்டரீக வரதன்' என்றுதான் அழைக்கிறோம். பிள்ளையின் பெயரைச் சேர்த்துத் தன்னைக் கூப்பிடுவதில் சுவாமிக்கு அத்தனை சந்தோஷம்.

இந்தக் கதையில் நமக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. புண்டரீகன் தவறியவன், தாமதமாகத் திருந்தியவன். ஆனாலும் பகவான் அவனைத் தேடி வந்தான். ஆகவே, 'இத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு போவது?' என்று யாரும் தயங்க வேண்டாம்.

இறைவனே பிள்ளையானான்

திருவண்ணாமலைக்கு வாருங்கள். போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர், அண்ணாமலையாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். அவர் பெயரைச் சொல்லி வல்லாள மகாராஜா கோபுரம் இன்றும் நிற்கிறது. அவருக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தீர, இறைவனே குழந்தையாக வந்து அவர் கையில் தவழ்ந்தார் என்கிறது தலபுராணம். பிள்ளையாக வந்துவிட்டால் பிள்ளைக்குரிய கடமையும் உண்டல்லவா? ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் உள்ள ஆற்றங்கரைக்கு அண்ணாமலையார் எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கும் வைபவம் நடக்கிறது.

கும்பகோணம் சார்ங்கபாணி கோயிலிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. கோயில் திருப்பணிக்கே வாழ்நாளைக் கொடுத்த லட்சுமி நாராயண சுவாமி என்ற பக்தருக்கு வாரிசு இல்லை. ஐப்பசி அமாவாசையன்று பெருமாளே அவருக்குச் சிராத்தம் செய்கிறார்.

ஆதியும் அந்தமும் இல்லாதவருக்குத் தகப்பன் ஏது, தாய் ஏது? இருந்தும், அன்பு காட்டியவருக்கு நன்றி மறவாமல் வருஷம் தவறாமல் செய்கிறார். அப்படியானால் பத்து மாதம் சுமந்தவளுக்கும், தோளில் தூக்கித் திருவிழா காட்டியவருக்கும் நாம் எவ்வளவு செய்ய வேண்டும்?

துறந்தவரும் துறக்காத பந்தம்

சந்நியாசிக்கு உறவு கிடையாது. ஈமக்கடன் செய்யும் உரிமையும் கிடையாது. ஆனாலும் ஆதிசங்கரர், தாய் ஆர்யாம்பாளுக்குக் கொடுத்த வாக்குப்படி காலடிக்குத் திரும்பி வந்து, ஊரார் எதிர்ப்பையும் மீறித் தம் கையாலேயே இறுதிக் கடன் செய்தார். தாய் நடக்க முடியாமல் தளர்ந்தபோது பூர்ணா நதியையே வீட்டருகில் வரவழைத்தவர் அவர். காலடியில் ஆர்யாம்பாள் சமாதியை இன்றும் தரிசிக்கலாம். பட்டினத்தாரும் அப்படித்தான். கோடிச் செல்வத்தை ஒரு நொடியில் உதறிய அவர், தாயின் உடலுக்குப் பச்சை வாழைமட்டையை அடுக்கித் தீ மூட்டினார். உலகத்தையே விட்டவர்களால் தாயை விட முடியவில்லை.

தைத்திரீய உபநிஷதத்தில் தாயைத் தெய்வமாகக் கொள், தந்தையைத் தெய்வமாகக் கொள் என்ற உபதேசம் வருவது நமக்குத் தெரியும். அது யாருக்குச் சொன்னது? குருகுலப் படிப்பை முடித்து வீடு திரும்பும் இளைஞனுக்கு! சின்னக் குழந்தைக்கு அம்மாவைத் தெய்வமென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சம்பாதிக்கத் தொடங்கி, தனக்கென்று குடும்பம் வரப்போகிறவனுக்குத்தான் அது மறந்துபோகும். குரு அதை அறிந்தவர்.

மகளுக்கும் இந்தக் கடன் உண்டா?

சகோதரிகள் பலர் மனதில் இருக்கும் கேள்வி இது. 'கல்யாணமாகி வந்துவிட்டேன். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். என் அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்கக்கூட வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே?'

கோத்திரம் மாறலாம், குடித்த பால் மாறுமா? 2007-ல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்கூட, 'பிள்ளைகள்' என்ற சொல்லில் மகனோடு மகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆனால், சட்டம் சோற்றுக்கு வழி செய்யும். அருகில் உட்கார்ந்து பரிமாறாது. அது நம் வேலை.

உங்கள் மாமியாருக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு டம்ளர் கஞ்சி, உங்கள் கணவர் தன் தாய்க்குப் பட்ட கடனில் நீங்கள் செலுத்தும் பங்கு. அதேபோல் உங்கள் பெற்றோர் விஷயத்தில் கணவருக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துச் செய்யாமல், பேசிச் செய்யுங்கள். மாதம் இவ்வளவு, இன்ன கிழமை போய்ப் பார்ப்பது என்று இருவருமாக முடிவெடுத்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

'அண்ணனுக்குத்தானே எல்லாம் செய்தார்கள்!' என்ற மனத்தாங்கலும் சிலருக்கு உண்டு. அது பொய்யென்று சொல்லவில்லை. வலி இருக்கட்டும். ஆனால், காய்ச்சலில் கிடந்த இரவுகளில் கண்விழித்த கையும் அதே கைதானே? குறையையும் நிறையையும் ஒரே தட்டில் போட்டு எடை பார்க்காதீர்கள். கணக்குத் தீர்ந்த பிறகு நன்றி சொல்லலாம் என்று காத்திருந்தால் காலம் காத்திருக்காது.

என்ன செய்யலாம்?

* பணம் கொடுப்பதானால் அவர்கள் கேட்கும் முன் கொடுங்கள். 'மருந்து தீர்ந்துவிட்டது' என்று தயங்கித் தயங்கிச் சொல்ல வைப்பது, கொடுத்த புண்ணியத்தையே கெடுத்துவிடும்.

* தினமும் ஒரு முறை போனில் பேசுங்கள். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். நூறு முறை சொன்ன பழங்கதையை நூற்றோராவது முறையும் கேளுங்கள்.

* வீட்டில் ஒரு விசேஷம், ஒரு முடிவு என்றால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கலந்து பேசுங்கள். முதுமையில் சோறு குறைவதைவிட மதிப்புக் குறைவதே அதிகம் வலிக்கும்.

* 60 நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, 80 கடந்து ஆயிரம் பிறை கண்டால் சதாபிஷேகம். வசதி இருந்தால் திருக்கடையூரில் அமிர்தகடேஸ்வரர், அபிராமி சந்நிதியில் நடத்தலாம். இல்லையென்றால் வீட்டிலேயே பாயசம் வைத்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விழுந்து வணங்கினாலே போதும்.

* பெற்றோர் காலமாகிவிட்டார்களா? அமாவாசை, மகாளயபட்சம், திதி ஆகியவற்றை உங்கள் குல வழக்கப்படி செய்ய வீட்டாருக்கு நினைவூட்டுங்கள். பல குடும்பங்களில் மகளுக்குத் தர்ப்பண உரிமை இல்லை. அதற்காக வருந்த வேண்டாம். அம்மாவுக்குப் பிடித்த பதார்த்தத்தைச் செய்து, பிள்ளைகளால் கவனிக்கப்படாத ஒரு முதியவருக்குக் கொடுங்கள். அவர் சாப்பிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வையில் உங்கள் தாயின் ஆசி இருக்கும்.

அடுத்த முறை தென்னாங்கூரிலோ கோவிந்தபுரத்திலோ பாண்டுரங்கனைச் சேவிக்கும்போது, திருமுகத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். அவன் திருவடியின் கீழே இருக்கும் செங்கல்லையும் ஒரு கணம் பாருங்கள். சுவாமி காத்திருப்பார், அவருக்கு யுகங்கள் இருக்கின்றன. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு அத்தனை காலம் இல்லை. பூஜை அறையில் இருக்கும்போது உள்ளேயிருந்து 'அம்மாடி, கொஞ்சம் தண்ணி' என்று குரல் கேட்டால், மணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். அந்தப் பூஜையைத்தான் விட்டலன் முதலில் ஏற்றுக்கொள்வான்.