முடக்குவாதம் மூட்டோடு நிற்குமா?



"வயசானா மூட்டு வலிக்கத்தானே செய்யும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு களை எடுக்கப் போகிறோம். ஆனால் முடக்குவாதம் வயசால் மட்டும் வருவதல்ல. இளம் வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாது. இரண்டு கையிலும் வீக்கம் இருக்கும். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே நம் மூட்டைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இந்த நோய் சிலருக்கு நரம்பையும் கெடுக்கும். மூன்று அடையாளங்களைத் தெரிந்துகொள்வோம்.

1. கை மரத்துப்போதல்: மணிக்கட்டு வீங்கி, அதன் வழியே போகும் நரம்பை நெருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். ராத்திரியில் கையை உதறி உதறி எழுந்திருப்பார்கள். இது ஓரளவு பரவலாக வருவது. ஆரம்பத்திலேயே பார்த்தால் மணிக்கட்டுப் பட்டையும் மருந்துமே பலருக்குப் போதும்.

2. பாதம் தொங்குதல்: இது அரிது. நரம்புக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்கள் வீங்கி அடைபடும். திடீரென்று பாதத்தைத் தூக்க முடியாது. நடக்கும்போது செருப்பு கழன்று விழும். காலில் ஆறாத புண்ணும் வரலாம். நாள் கடத்தினால் நரம்பு செத்துப்போகும்.

3. கழுத்து எலும்பு விலகுதல்: பல வருஷமாக நோய் உள்ளவர்களுக்கு வரலாம். தலையைத் தாங்கும் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டியிருக்கும் நார் தளர்ந்து, எலும்பு விலகித் தண்டுவடத்தை அழுத்தும். பிடரி வலிக்கும். குனிந்தால் முதுகில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். சட்டைப் பட்டன் போட வராது. நடை தள்ளாடும். சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம்.

செய்யக்கூடாதவை:

* கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது, சுளுக்கு வழிப்பது கூடவே கூடாது. விலகிய எலும்பு தண்டுவடத்தை நசுக்கிவிடும்.
* வலி குறைந்ததும் டாக்டர் கொடுத்த மருந்தை நாமே நிறுத்தக்கூடாது. வலி மாத்திரை வலியை மட்டுமே அடக்கும், நோயை அடக்காது.
* மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை மூட்டு நோய்க்கு வாரம் ஒருநாள் மட்டுமே. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியவை:

* இரண்டாவது, மூன்றாவது அடையாளம் கண்டால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கை கால் திடீரென்று விழுந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.
* எந்த ஆபரேஷனாக இருந்தாலும், "எனக்கு முடக்குவாதம் இருக்குங்க" என்று மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கும்போது கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள்.

"ஒருநாள் கூலி போயிடுமே, துணைக்கு யாரும் இல்லையே" என்றுதான் பலர் தள்ளிப்போடுகிறோம். குழு எதற்கு இருக்கிறது? மருத்துவச் செலவுக்கு உள்கடன் தரலாம். ஒரு உறுப்பினர் துணைக்குப் போகலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் குழுவில் காலையில் கை விறைப்பு யாருக்கெல்லாம் இருக்கிறது?
2. அவர்களுடன் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவது யார்?

பேசியதைத் தீர்மானமாக எழுதி வையுங்கள், சகோதரிகளே!